கேள்வி–பதில்: இணையவழி ஆட்டத்தில் இசையும் பேச்சும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதாபாத்திர ஆட்டங்களை இணையத்தில் ஆடுவது குறித்துக் கன்னியாகுமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் ஏறத்தாழ ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: பேச்சும் பின்னணி இசையும் எப்படிச் சேர்ந்து இருப்பது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவன் மஸ்கட்டில், ஒருத்தி பெங்களூரில், மற்ற மூவரும் ஊரில். சனிக்கிழமை இரவுகளில் டிஸ்கார்டு என்னும் குரல் உரையாடல் செயலியில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துவது நான்தான். கைப்பேசியில் இசையைப் போட்டு மடிக்கணினியின் மைக் அருகே வைக்கிறேன். "தண்ணிக்குள்ள இருந்து வாசிக்க மாதிரி இருக்கு மக்கா, நிறுத்து" என்கிறான் மஸ்கட்காரன். நான் பேசத் தொடங்கினால் இசையே காணாமல் போகிறதாம். எனக்கு இங்கே நன்றாகத்தான் கேட்கிறது. கோளாறு எங்கே?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: கோளாறு எதுவும் இல்லை, மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் உங்கள் நண்பருக்கு அப்படிக் கேட்கிறது.

முதலில், இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்கு ஓரிரு வரிகள். நடத்துபவர் ஒரு சூழலை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக நின்று தாம் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். முடிவு உறுதியில்லாத இடங்களில் பகடை உருட்டப்படுகிறது. 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. ஆட்டம் முழுவதும் பேச்சால் நடப்பது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மேற்கொண்டு சொல்லப்போவது புரியும்.

டிஸ்கார்டு போன்ற செயலிகள் உங்கள் மைக்கில் விழும் ஒலியை அப்படியே எதிர்முனைக்கு அனுப்புவதில்லை. அனுப்பும் முன் அதன் மீது மூன்று வேலைகளைச் செய்கின்றன. இரைச்சல் நீக்கம் என்பது மனிதக் குரலைப் போல இல்லாத எல்லாவற்றையும் வெட்டி எறிவது. மின்விசிறிச் சத்தத்தையும் வயலின் இசையையும் அது வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. எதிரொலி நீக்கம், உங்கள் கணினியின் ஸ்பீக்கரில் ஒலிப்பது மைக்கிற்குள் திரும்ப வந்தால் அதைக் கழித்துவிடும். ஆகவே கைப்பேசிக்குப் பதில் அதே மடிக்கணினியிலேயே இசையைப் போட்டிருந்தாலும் பயன் இருந்திராது. மூன்றாவது, தானாக ஒலி அளவைச் சரிசெய்யும் வசதி. நீங்கள் பேசாதபோது அது மைக்கின் உணர்திறனை மெல்ல உயர்த்துகிறது, நீங்கள் வாயைத் திறந்ததும் சட்டென்று தாழ்த்துகிறது. பேசும்போது இசை மறைவதும், நிறுத்தியதும் மேலெழுவதும் இந்த மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை.

இணையத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையின் மேல் பழி போடுவோர் உண்டு, அது நியாயமன்று. டிஸ்கார்டு பயன்படுத்தும் ஓபஸ் என்னும் முறை 2012ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்டது; நொடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை இயங்கக்கூடியது; பேச்சுக்கும் இசைக்கும் சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. சாதாரண டிஸ்கார்டு குரல் அறை 64 கிலோபிட்டில் இயங்குகிறது. பின்னணி இசைக்கு அது தாராளம். இசை சிதைவது ஓபஸிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே.

அப்படியானால் அந்த மூன்று வசதிகளையும் அமைப்புகளில் அணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அணைக்கலாம், இசை போய்ச் சேரும். ஆனால் அதனுடன் மின்விசிறியும், தெருவில் போகும் இருசக்கர வாகனமும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்தே போகும். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. உங்கள் குரலும் இசையும் ஒரே குழாயில் போகும்போது, இசை அதிகம் என்று கருதும் மஸ்கட் நண்பர் அதைக் குறைக்க முயன்றால் உங்கள் குரலும் சேர்ந்து குறையும். ஐந்து பேரின் காதும் ஐந்து விதம், ஹெட்செட்டும் ஐந்து விதம். நீங்கள் ஒருவர் வைக்கும் அளவு ஐவருக்கும் பொருந்தாது. எனவே நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றுதான்: பேச்சுக்கு ஒரு வழி, இசைக்கு வேறு வழி, இசையின் அளவு கேட்பவர் கையில்.

அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற மெய்நிகர் மேசைகளை, அதாவது வரைபடத்தையும் பகடையையும் திரையில் வைத்து ஆட உதவும் மென்பொருள்களை, நீங்கள் பயன்படுத்தினால் வேறெதையும் தேட வேண்டாம். ரோல்20இல் ஜூக்பாக்ஸ், ஃபவுண்ட்ரியில் பிளேலிஸ்ட் என்ற பெயரில் இசைப் பகுதி இருக்கிறது. நீங்கள் இங்கே தட்டினால் ஒவ்வொருவரின் பிரவுசரும் அந்தக் கோப்பைத் தானே இறக்கி ஒலிக்கிறது. அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை அவரவர் திரையிலேயே இருக்கும். "எனக்கு மட்டும் இசை வரவில்லை" என்று யாராவது ஒருவர் ஒவ்வொரு வாரமும் சொல்வார். பெரும்பாலும் காரணம் இதுதான்: பயனர் ஒரு முறையாவது அந்தப் பக்கத்தைச் சொடுக்கும் வரை தானாக ஒலி எழுப்பப் பிரவுசர்கள் அனுமதிப்பதில்லை. பக்கத்தில் எங்காவது ஒரு முறை சொடுக்கச் சொல்லுங்கள்.

மேசை எதுவும் இல்லாமல் டிஸ்கார்டில் மட்டும் ஆடுகிறீர்கள் என்றால் கெங்கு எஃப்எம் என்ற செயலி உங்களுக்குப் பொருந்தும். அது உங்கள் கணினியில் ஓடும் இசையை ஒரு பாட் (தானே இயங்கும் நிரல்) மூலம் குரல் அறைக்குள் கொண்டுவருகிறது. அறையில் ஆறாவது ஆள் அமர்ந்து வாசிப்பது போல அந்த பாட் பட்டியலில் தெரியும். அதன் பெயர் மீது வலது சொடுக்குப் போட்டால் அளவுப் பட்டை வரும். மஸ்கட்காரர் தமக்குப் பிடித்த அளவில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வழி, டிஸ்கார்டின் திரைப்பகிர்வில் இசைச் செயலியை ஒலியோடு பகிர்வது. அவசரத்துக்கு உதவும், ஆனால் ஒவ்வொருவரும் அந்தப் பகிர்வைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதால் கைப்பேசியில் ஆடுபவர்களுக்குத் தொல்லை.

வாய்ஸ்மீட்டர் போன்ற மென்பொருளால் குரலையும் இசையையும் கணினிக்குள்ளேயே கலந்து மைக்காக அனுப்பும் முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். அமைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போகும். முடிவில் மறுபடியும் ஒரே குழாய்தான். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை நாடுங்கள்.

கேள்வி: கடையில் நல்லது என்று சொன்ன புளூடூத் ஹெட்செட்டை வாங்கினேன். பாட்டு கேட்டால் அருமை. ஆனால் ஆட்டத்தில் சேர்ந்து மைக்கை இயக்கிய உடனே எல்லாம் பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, மார்த்தாண்டம்

பதில்: ஏமாறவில்லை. வழக்கமான புளூடூத்தில் இசை கேட்பதற்கு ஒரு முறையும் இருவழிப் பேச்சுக்கு வேறொரு முறையும் உள்ளன. மைக் தேவைப்பட்டவுடன் ஹெட்செட் பேச்சு முறைக்குத் தாவுகிறது. அதில் ஒலி ஒற்றைத் தடமாகிவிடும். மாதிரி வீதமும் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்தெடுக்கிறது என்பது) 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். அதாவது 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எல்லாம் வெட்டுப்படும். ஜால்ராவின் கிணுகிணுப்பும் மழையின் சலசலப்பும் அங்கேதான் இருக்கின்றன.

தீர்வு செலவில்லாதது. டிஸ்கார்டின் ஒலி அமைப்பில் உள்ளீட்டுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். வெளியீட்டுக்கு மட்டும் ஹெட்செட்டை வையுங்கள். விண்டோஸ் பட்டியலில் ஒரே ஹெட்செட் இரண்டு பெயர்களில் தெரிந்தால், ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்று சேர்ந்து வருவதைத் தொடாதீர்கள். எல்இ ஆடியோ என்னும் புதிய புளூடூத் முறையில் இந்தத் தொல்லை நீங்கும். ஆனால் கணினியும் ஹெட்செட்டும் இரண்டுமே அதை ஏற்பவையாக இருக்க வேண்டும். அதுவரை, மைக் வைத்த வயர் ஹெட்செட்டுக்கு ஈடில்லை என்பது என் கருத்து.

கேள்வி: இசையை எவ்வளவு சத்தமாக வைப்பது? என் கூட்டாளிகள் சண்டைக் காட்சி வந்தால் சினிமாப் பாட்டைப் போட்டு அதிர வைக்கிறார்கள். யார் எதை அடித்தார்கள் என்பதே கேட்பதில்லை.
— வாசகர், தக்கலை

பதில்: இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான பன்னாட்டு வழிகாட்டியில், பேச்சைவிடப் பின்னணி ஒலி குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற அளவுகோல் ஒன்று உண்டு. காதுக்கு அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சத்தமாகப் படும். காது சற்று மந்தமானவர்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது என்றாலும், நால்வர் குரல் நான்கு வித மைக்கில் வரும் ஆட்டத்திற்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. அளக்கக் கருவி வேண்டாம். எல்லோரும் வாயை மூடினால் இசை இருப்பது தெரிய வேண்டும். யாராவது பேசினால் அது இருப்பதே மறக்க வேண்டும்.

பாட்டு வேண்டாம் என்பதிலும் நான் உங்கள் பக்கம். சொற்கள் உள்ள பாட்டு எவ்வளவு மெல்ல ஒலித்தாலும் மனம் அந்தச் சொற்களைத் தொடர்ந்து போகும்; அதிலும் தெரிந்த சினிமாப் பாட்டு என்றால் ஒருவர் முணுமுணுக்கவே தொடங்கிவிடுவார். நம் மாவட்டத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டைக் கேட்டவர்கள் இதை எளிதில் உணர்வார்கள். கதையைச் சொல்லும் இடத்தில் குடமும் உடுக்கையும் அடங்கி, தாளம் மட்டும் மெலிதாக நிற்கும். பக்கத்திலிருப்பவர் "ஆமா" போட்டு முடித்து, பாட்டு எழும்போதுதான் எல்லாம் கூடி முழங்கும். நடத்துபவர் செய்ய வேண்டியதும் அதுவே. விவரிக்கும்போது இசையைத் தாழ்த்தி, பகடை உருளும் அந்த இரண்டு நொடியில் உயர்த்துங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் டிஸ்கார்டில் ஒரு கட்டளை தட்டினால் யூடியூப் பாட்டைப் போடும் பாட்கள் இருந்தனவே, அவை எங்கே போயின? நாங்கள் நண்பர்களுக்குள் இசையைப் பகிர்வது சட்டப்படி தவறா?
— வாசகர், குழித்துறை

பதில்: க்ரூவி, ரிதம் என்ற இரண்டும் அவற்றில் பெயர்பெற்றவை. யூடியூபின் விதிகளை மீறுவதாக அந்நிறுவனம் அறிவிப்பு அனுப்பியதைத் தொடர்ந்து 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் க்ரூவியும் செப்டம்பரில் ரிதமும் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டன. அதே வேலையைச் செய்யும் சிறு பாட்கள் முளைப்பதும் மறைவதுமாக இருக்கின்றன; இன்றைக்கு இருப்பது அடுத்த மாதம் இருக்கும் என்று நம்பி ஆட்டத்தைத் திட்டமிடாதீர்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு ஓரளவு இடம் தருகிறது. ஆனால் ஆட்டத்தைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினாலோ நேரலையாகக் காட்டினாலோ அது சொந்தப் பயன்பாடு என்ற எல்லையைத் தாண்டிவிடும். பலர் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்லவேண்டும். பாடலின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1846இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. ஆனால் போன ஆண்டு ஒருவர் வீணையில் வாசித்து வெளியிட்ட அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. "பழைய பாட்டுதானே" என்பது ஒரு சமாதானமாகாது.

தொல்லையில்லாத வழிகள் இருக்கின்றன. டேபிள்டாப் ஆடியோ தளத்தில் இத்தகைய ஆட்டங்களுக்கென்றே பத்து நிமிட அளவில் சூழல் ஒலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்டு தளத்தில், படைத்தவர்களே பகிர அனுமதித்த ஒலிகள் ஏராளம். ஒவ்வொன்றின் உரிமக் குறிப்பையும் படித்து, பெயர் குறிப்பிடச் சொல்லியிருந்தால் குறிப்பிடுங்கள். பணம் செலவிட விரும்பினால் சிரின்ஸ்கேப் என்னும் ஒலிச் செயலி இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, தகரக் கூரை. ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழை தொடங்கினால் என் மைக்கை அணைத்துவிடச் சொல்கிறார்கள்.
— வாசகி, குலசேகரம்

பதில்: இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் வியப்பு. மைக்கை முழுதும் அணைக்க வேண்டாம். பேசும்போது மட்டும் ஒரு விசையை அழுத்திப் பிடிக்கும் புஷ் டு டாக் முறைக்கு மாறுங்கள். மைக்கை வாயருகே, ஆனால் மூச்சுக்காற்று நேரே படாதபடி கடைவாய்ப் பக்கம் வையுங்கள். தூரம் குறையக் குறைய மழைக்கு எதிரே உங்கள் குரல் ஓங்கும். இரைச்சல் நீக்கத்தைக் கட்டாயம் இயக்கத்தில் விடுங்கள். மேலே நாகர்கோவில் வாசகருக்கு இடைஞ்சலாக இருந்த அதே வசதி உங்களுக்குக் கைகொடுக்கும்; இசை தனி வழியில் போகும் குழுவில்தான் அதைத் தயக்கமின்றிப் பயன்படுத்த முடியும்.

கேள்வி: இடி முழக்கத்தைச் சரியாக நான் சொல்லும் சொல்லோடு பொருத்தினேன். இரண்டு பேருக்கு முன்னும் பின்னுமாகக் கேட்டதாம்.
— வாசகர், இரணியல்

பதில்: கேட்கத்தான் செய்யும். உரையாடல் தடையின்றி நடக்க, ஒரு வழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பேச்சு அந்த வேகத்தில் போய்விடும். வேறு வழியில் போகும் இசை அதே நேரத்தில் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்பே விசையைத் தட்டிவிட்டு, சொல்லி முடித்ததும் சற்று நிறுத்துங்கள். எல்லோரும் சேர்ந்து பாடும் காட்சியை மட்டும் எழுதாதீர்கள்.

கேள்வி: 1741இல் டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மரின் படை தோற்கடித்த குளச்சல் போரை ஆட்டமாக நடத்த விரும்புகிறேன். இணையத்தில் கிடைக்கும் போர் இசை எல்லாம் ஐரோப்பியக் கோட்டை போலவே ஒலிக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், குளச்சல்

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு ஒலிக்கு இணையத்தைத் தேடுவானேன்? கடற்கரைக்குக் கைப்பேசியோடு போங்கள். காற்று மைக்கின் துளையில் நேராக மோதினால் டமடமவென்ற உறுமல் மட்டுமே பதிவாகும். ஆகவே காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மைக் பக்கத்தை மெல்லிய துணியால் மூடிக்கொள்ளுங்கள். விடியற்காலை நல்லது, வாகனச் சத்தம் இருக்காது. மணலில் அலை இழுபடும் ஒலியும் முட்டம் பாறையில் அலை மோதும் ஒலியும் முற்றிலும் வேறு, இரண்டையும் எடுங்கள். தரையிறங்கும் காட்சிக்கு ஒன்று, முற்றுகைக்கு ஒன்று ஆகும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை எடுக்கப் போகிறவர்கள் காற்றாலைகளுக்குத் தள்ளி நில்லுங்கள்; பதினெட்டாம் நூற்றாண்டில் இறக்கை சுற்றும் சத்தம் கிடையாது.

பதிவை ஐந்து நிமிடமாவது எடுங்கள். அடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் அதன் தலையையும் வாலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்துவிட்டால், திரும்பத் திரும்ப ஓடும்போது ஒட்டு தெரியாது. ஆனால் தனித்துத் தெரியும் ஒலிகளை வெட்டிவிடுங்கள். ஒரே காகம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கரைந்தால் மூன்றாம் முறையே ஆடுபவர்கள் சிரித்துவிடுவார்கள்.

ஃபவுண்ட்ரியில் ஆடுவதானால் வரைபடத்தில் கடல் இருக்கும் இடத்திலேயே ஒலியைப் பொருத்தலாம். கதாபாத்திரம் நெருங்க நெருங்க அலை கூடும், சுவருக்கு அப்பால் போனால் மங்கும். போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டிலனாய் உங்கள் கதையில் வருவார் என்று நினைக்கிறேன். அவருடைய கல்லறை உள்ள உதயகிரிக் கோட்டையில் மரங்களிடையே நின்று பத்து நிமிடம் பதிவு செய்தால், பிற்பகுதிக் காட்சிகளுக்குக் கடலோசை இல்லாத ஓர் அமைதி கிடைக்கும். போர்க் காட்சிக்கு மேளம் வேண்டுமென்றால் ஊரில் வாசிப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைவோடு, உரிய பணம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: என்னிடம் கைப்பேசி டேட்டா மட்டுமே. மூன்று மணி நேர ஆட்டம் எவ்வளவு தின்னும்? அடிக்கடி கரண்டும் போகிறது.
— வாசகர், கருங்கல்

பதில்: 64 கிலோபிட்டில் இடைவிடாமல் வரும் ஓர் ஒலி, மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி ஆகும். பேசாதவர்களின் குரல் அனுப்பப்படுவதில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் பேசுகிறார், அடியில் பாட் இசை ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரத்துக்கு 175 எம்பி அளவில் முடியும். நீங்கள் பேசுவது அதனுடன் சிறிது சேரும். திரைப்பகிர்வில் படமும் சேர்ந்து வருவதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மின்வெட்டு உங்கள் வீட்டில் என்றால் ஆட்டம் நிற்காது. டிஸ்கார்டின் குரல் அதன் சொந்த சர்வர் வழியே போகிறது, கைப்பேசியும் மின்கலத்தில் ஓடும். நடத்துபவர் தம் வீட்டுக் கணினியிலேயே ஃபவுண்ட்ரியை ஓட்டுகிறவராக இருந்து, மின்சாரம் போவது அவர் வீட்டில் என்றால்தான் வரைபடமும் இசையும் எல்லோருக்கும் ஒருசேர நிற்கும். அவரை ரவுட்டருக்கும் கணினிக்கும் இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாத வாடகையில் ஃபவுண்ட்ரியை ஓட்டித்தரும் சேவை ஒன்றில் வைத்து, கட்டணத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.